ஐயத்தின் எடை: வடபுல ஏரிக்காட்டு மீன்வேட்டைக்கு மூட்டை கட்டுதல் பற்றி ஓர் ஆய்வு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து வடகோடியில், கனடா எல்லையை ஒட்டிக் கிடக்கிறது பவுண்டரி வாட்டர்ஸ் என்னும் ஏரிக்காடு. பரப்பு சுமார் 11 லட்சம் ஏக்கர். ஏரிகள் ஆயிரத்துக்கு மேல். ஐந்திணையுள் எதிலும் இது அடங்காது. காடு உண்டு, ஆயர் இல்லை. மீன் உண்டு, உப்புக்காற்று இல்லை. இலக்கணம் அற்றுக் கிடக்கும் இந்நிலத்துக்கு முதல், கரு, உரி என மூன்றும் வகுத்து, இலையுதிர் காலத் தொடக்கத்தில் அங்கே மீன் பிடிக்கக் கிளம்புவோரின் மூட்டையை அதன்வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. முதற்பொருள்

பெரும்பொழுது செப்டம்பர். கோடையில் ஆளைப் பிடுங்கும் கொசுவும் கருப்பு ஈயும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். பிர்ச் மரங்கள் மஞ்சள் பூசத் தொடங்கும். சிறுபொழுது வைகறையும் மாலையும். என்னை? அவ்விடத்துத் தலையாய மீனாகிய வால்ஐயின் விழிக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று உண்டு. மங்கலில் அதற்கு இரை நன்றாகத் தெரியும் ஆகலின். ஏரி ட்ரவுட் மீனோ கோடையை ஆழத்துக் குளிரில் கழித்துவிட்டு, மேல்நீர் குளிர்ந்தபின் முட்டையிடப் பாறைத் திட்டுகளை நோக்கி ஏறி வரும். அது எட்டும் ஆழத்துக்கு வந்துசேரும் சமயம் பார்த்து, செப்டம்பர் 30 அன்று, அதைப் பிடிக்கும் கோடைப் பருவம் சட்டப்படி முடிகிறது. மீனுக்கும் அரசுக்கும் இடையே உள்ள இந்த ஒப்பந்தம் தனி ஆய்வுக்குரியது.

பயணம் செப்டம்பரில் என்றாலும் திட்டம் பிறப்பது ஜனவரியில். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒவ்வொரு நுழைவிடத்துக்கும் நாளொன்றுக்கு இத்தனை சீட்டு என்று கணக்கு உண்டு. முன்பதிவு ஜனவரி இறுதியில், ஏரிகள் பாறையாய் உறைந்திருக்கும்போது திறக்கும். ஒரு குழுவுக்கு 9 பேர், 4 படகு. அதற்கு மேல் இல்லை. சீட்டு வாங்கும் நாளில் எந்தத் தூண்டில்காரருக்கும் ஐயம் இருப்பதில்லை. "மூணு வேளையும் மீன்தாம்ப்பா, சாப்பாடே வேண்டாம்" என்பது ஜனவரிக் கூற்று.

2. கருப்பொருள்

புள் லூன். விலங்கு கருங்கரடி. மரம் ஜாக் பைன். ஊர்தி கனூ. பறை ஒன்றும் இல்லை. 1949 டிசம்பரில் அதிபர் ட்ரூமன் இக்காட்டின் வானில் கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்குக் கீழே விமானம் பறக்கக் கூடாது என்று ஆணையிட்டதால் வானமும் அமைதி. உணவு மேலிருந்து வரும் என்ற கடைசி நம்பிக்கையும் அன்றோடு போயிற்று.

கருப்பொருளுள் சிறந்தது போர்ட்டேஜ். ஓர் ஏரி முடிந்து மற்றொன்று தொடங்குமுன், இடைப்பட்ட நிலத்தில் படகையும் மூட்டையையும் மனிதன் சுமந்து கடக்கும் தடம் அது. அதன் நீளத்தை ராடு கணக்கில் சொல்வர். 1 ராடு 16.5 அடி, ஏறத்தாழ ஒரு கனூ நீளம். 320 ராடு 1 மைல். சுமையை ஒரே நடையில் கொண்டுபோக முடியாதவர் இரண்டு நடை போகவேண்டும்; நடுவே வெறுங்கையோடு திரும்பவும் வேண்டும். ஆகவே 1 மைல் தடம் அவருக்கு 3 மைல். மூட்டையில் வைக்கும் ஒவ்வொன்றும் வேண்டுமா வேண்டாமா என்பது இந்தப் பெருக்கலால் தீர்மானிக்கப்படுகிறது. ஒன்றைத் தவிர.

3. உரிப்பொருள்

அந்த ஒன்று சாப்பாடு. குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல் என்றாற்போல இந்நிலத்துக்கு உரிப்பொருள் ஐயம். மற்றத் திணைகளின் உரிப்பொருளை உய்த்துணரத்தான் வேண்டும். இதைத் தராசில் வைத்தே நிறுக்கலாம்.

நிறுக்கும் முறை வருமாறு. மூட்டையைப் பிரித்து இரு கூறாக்குக. பொரிக்கும் எண்ணெய், மீனில் தடவும் மாவு, இரும்பு வாணலி, மீன் அறுக்கும் கத்தி ஆகியவை நம்பிக்கைக் கூறு. அரிசி, நூடுல்ஸ், பருப்பு, உலர்ந்த இறைச்சி ஆகியவை ஐயக் கூறு. மீன் கிடைக்கும் என்பது உண்மையானால் இரண்டாவது வேண்டாம். பொய்யானால் முதலாவது வேண்டாம். ஒன்றையொன்று மறுக்கும் இரு கொள்கைகளை ஒரே முதுகில் ஏற்றி 320 ராடு நடக்கும் தத்துவவாதி உலகில் தூண்டில்காரர் ஒருவரே.

அரசு இவரைத் திருத்த முயன்றிருக்கிறது. இக்காட்டுக்குள் உணவைத் தகர டப்பாவிலோ கண்ணாடிப் புட்டியிலோ கொண்டுபோகத் தடை. மத்தி மீன் டப்பாவோடு மீன் பிடிக்கப் போகும் அவநம்பிக்கைக்கு இதனால் முடிவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெகிழும் உறையில் அடைத்த சூரை மீன் கடைகளில் கிடைக்கிறது. ஏரியில் மீன் அகப்படாவிட்டால் என் செய்வது என்று அஞ்சிக் கடல் மீனை ஏரிக்குச் சுமந்து செல்லும் இச்செயலே ஐயத்தின் உச்சநிலை என்க.

இரவில் ஐயம் மேலும் உயரும். கரடி பனிக்கால உறக்கத்துக்குமுன் உடல் பெருக்கும் பருவம் இதுவாதலின், உணவு மூட்டையைக் கயிறு கட்டி மரத்தில் தொங்கவிட வேண்டும், அல்லது கரடியால் திறக்க முடியாத கலத்தில் பூட்ட வேண்டும். நம்பிக்கைக் கூறாகிய எண்ணெயும் உடன் தொங்கும். கரடி கொள்கை வேறுபாடு பார்ப்பதில்லை.

4. தடையும் விடையும்

அற்றேல், மீன் நிறையக் கிடைத்தால் ஐயம் தீரும் அன்றோ எனின், தீராது. நாள்தோறும் வால்ஐ பொரித்துத் தின்றவர், தொடாத அரிசியையும் நூடுல்ஸையும் வந்த தடங்களெல்லாம் திரும்பச் சுமந்தே ஆகவேண்டும். ஒரு மீனும் காணாதவரோ ஐயக் கூறு முழுவதையும் தின்று தீர்த்து, இளைத்த மூட்டையோடு ஏறக்குறைய ஓடியே கரை சேர்வார். அவரிடம் மிஞ்சுவது நம்பிக்கைக் கூறு மட்டும்.

ஆதலால் முதுகின் பக்கம் நின்று நோக்கினால், மீன் அகப்படாமையே இப்பயணத்தின் பெரும்பயன் என்பது பெறப்படும். இம்முடிவைத் தூண்டில்காரர்கள் ஒருவரும் ஏற்கவில்லை. முதுகுகள் ஏற்றுக்கொண்டுள்ளன.