இல்லாமையை நிரூபிக்க 25 டாலர்

என் கணவர் கும்பகோணத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வெளியே தெரிய வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்தின் பரம்பரைக் கொள்கை. மொய் எழுதும்போதுகூட, முந்தைய ஆள் எவ்வளவு எழுதினார் என்று எட்டிப் பார்த்துவிட்டு நூறு ரூபாய் சேர்த்து எழுதுவார். அப்படிப்பட்டவரிடம் பிளஸ் டூ படிக்கும் மகள் வந்து, "அமெரிக்காவில படிக்கப்போறேன்ப்பா. நம்மகிட்ட பணமில்லைன்னு ஆதாரத்தோட எழுதிக் கொடுக்கணும்" என்றாள். மனுஷன் மதியச் சாப்பாட்டில் ரசத்தோடு எழுந்துவிட்டார்.

பணமில்லை என்பதில் பொய் ஒன்றுமில்லை. அங்கே பெரிய தனியார் கல்லூரிகளில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடச் செலவு 85,000 டாலரைத் தாண்டுகிறது. முக்கால் கோடி ரூபாய்க்குப் பக்கம். அது போல நான்கு வருடம். கடையைச் சரக்கோடு விற்றாலும் இரண்டாவது செமஸ்டரில் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

"நல்ல மார்க் வாங்கினா ஸ்காலர்ஷிப் தரமாட்டானா?" என்றார். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டனில் மார்க்குக்கென்று ஒரு டாலர்கூடத் தருவதில்லை. இடம் கிடைத்துவிட்டால், குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று அவர்களே கணக்குப் போட்டு, மீதியைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். பணம் கேட்பவள் என்பதற்காக விண்ணப்பத்தைத் தள்ளியும் வைக்கமாட்டார்கள், வெளிநாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. இந்தப் பெருந்தன்மையுள்ள கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் உண்டு. 2022-ல் டார்ட்மத்தும் போடனும் சேர்ந்தன. ஆனால் ஹார்வர்டில் நூறு பேர் விண்ணப்பித்தால் நாலைந்து பேர் உள்ளே போவதே அபூர்வம். நம் பர்ஸைப் பார்க்காத இடத்தில் நுழைய முடியாது. நுழைய முடிகிற இடத்தில் முதலில் பர்ஸைத்தான் பார்க்கிறார்கள்.

என் தம்பி இதற்கு ஒரு வழி சொன்னான். "நிதியுதவி வேணுமான்னு கேட்டா வேண்டாம்னு போடு. உள்ள போய் உட்கார்ந்தப்புறம் கேட்டுக்கலாம்." டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸேறி அனுபவப்பட்டவன். ஸ்டான்ஃபோர்டு இவனை மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருக்கும் போலிருக்கிறது. விண்ணப்பிக்கும்போதே கேட்காத வெளிநாட்டு மாணவருக்கு நான்கு வருடமும் கிடையாது என்று எழுதியே வைத்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன், "யு.சி.எல்.ஏ. எங்க வீட்டுக்குப் பக்கம்தான், வாரக்கடைசி சாம்பாருக்கு நான் பொறுப்பு" என்றார். அது அந்த மாநில மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. வெளியூர்ப் பிள்ளைகளிடம் கூடுதலாக வாங்குவார்களே தவிர, கொடுப்பது அரிது. சாம்பார் மட்டும் இலவசம்.

இனி மகள் எழுதித் தரச் சொன்ன அந்தப் படிவம். அமெரிக்கப் பிள்ளைகள் அரசாங்க உதவிக்கு நிரப்புகிற படிவம் இலவசம். அதில் நமக்கு வேலையில்லை. நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் சி.எஸ்.எஸ். புரொஃபைல். முதல் கல்லூரிக்கு அனுப்ப 25 டாலர், அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். பணமில்லை என்று சொல்வதற்குப் பணம். கேட்டால் சில கல்லூரிகள் தள்ளுபடி செய்கின்றன. ஆனால் அதைக் கேட்க இவருக்கு வாய் வரவேண்டுமே.

வருமானக் கணக்குக்கு ஆடிட்டரிடம் போனோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எது வேணும், வருமானவரிக்குக் காட்டினதா, பேங்க் லோனுக்குக் காட்டினதா?" என்றார். "உண்மையானது" என்றாள் மகள். அவர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு ஃபைல் அவரிடம் இல்லை.

வீட்டைப் பற்றிய பகுதியில் மூன்று நாள் சண்டை. எந்த வருடம் வாங்கியது, என்ன விலைக்கு, இன்றைய மதிப்பு என்ன? இவருடைய தாத்தா கட்டிய வீடு, கூட்டுப் பட்டா, இவருக்கு மூன்றில் ஒரு பங்கு. கொல்லைப்புற ஓடு ஐப்பசியில் ஒழுகும். இவர் கூசாமல், "ஒரு கோடின்னு போடும்மா" என்றார். "ஒரு கோடின்னா அதை வித்து ஃபீஸ் கட்டச் சொல்லுவாங்கப்பா" என்றாள். "நான் எதுக்கு விக்கணும்? ஒரு மதிப்புக்குச் சொல்றதுதான்." எனக்குத் தெரிந்து அந்த வீட்டை யாரும் இதுவரை குறைத்துப் பேசியதில்லை, நான் தினமும் பேசுவதைத் தவிர. கடைசியில் என் மதிப்பீடுதான் ஏறியது. சொந்தக்காரர்கள் எவ்வளவு தருவார்கள் என்று இன்னொரு கட்டம். இவர் அண்ணன்களை நினைத்துப் பெருமூச்சு விட்டார். நானே பூஜ்யம் போட்டேன். படிவத்திலேயே தகராறில்லாமல் முடிந்த இடம் அதுதான்.

இப்போது மகளின் பட்டியலில் இருக்கும் ஊர்களை எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. மினசோட்டாவில் மெக்காலெஸ்டர், கோஃபி அன்னான் படித்த கல்லூரி. அயோவாவில் கிரினெல், ராபர்ட் நாய்ஸ் அங்கே படித்தவர், அவர் இன்டெல் தொடங்கியபோது கல்லூரியும் பணம் போட்டுக் கொழித்தது. "கடன் கொடுத்து ஏமாறாத ஒரே இடம்" என்று இவருக்கு அதன்மேல் தனி மரியாதை.

கென்டக்கியில் பெரியா என்று ஒன்று. 1855-ல் தொடங்கியது. படிப்புக் கட்டணமே கிடையாது. ஆனால் எல்லா மாணவரும் வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது வேலை செய்தாக வேண்டும். "என்ன வேலை?" என்றார். மகள் வாசித்தாள்: நெசவு, தச்சு, விளக்குமாறு கட்டுவது.

"விளக்குமாறா? நம்ம கடையிலேயே கட்டுக்கட்டாத் தொங்குது. அதைக் கட்டக் கத்துக்க ஏழு கடல் தாண்டணுமா?"

மகள் ஒன்றும் பேசாமல், அந்தக் கல்லூரி விளக்குமாறு விற்கிற விலையை ரூபாயில் மாற்றிக் காட்டினாள். இவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"மொத்தமா அனுப்பினா எடுத்துப்பாங்களான்னு ஒரு மெயில் போட்டுப் பாரேன்" என்றார்.