காயலான் கடை வழியாகச் சகாரா

கேள்வி: காட்டுப் பாதையில் ஓட்ட ஒரு பழைய ஜீப் வாங்கிவிட்டு, அதைச் சீர்செய்கிறேன் என்று என் தம்பி காயலான் கடையிலேயே குடியிருக்கிறான். உருப்படுவானா?

பதில்: பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்டும் கெய்ரோவில் பழைய இரும்புக் கடைக்குத்தான் போனார். சகாரா அவருக்கு வழிவிடவில்லையா?

1929-ல் ஃபோர்டு கார்களோடு எகிப்தின் மணற்கடலில் இறங்கியவர் அவர். ரேடியேட்டர் கொதித்து ஆவியாகும் தண்ணீர் அங்கே உயிருக்குச் சமம். அந்த ஆவியைக் குழாய் வழியே, வெளியில் பொருத்திய தண்ணீர்க் கேனுக்குள் விட்டார். ஆவி குளிர்ந்து நீராகும். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் அதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். என்ன அழகான யோசனை!

இரும்புக் கடையில் வாங்கியது? முதல் உலகப் போரில் பதுங்குகுழிக் கூரைக்கென்று செய்த இரும்புத் தகடுகள். புதைந்த சக்கரத்தின் அடியில் செருகினால் கார் ஏறிவிடும்.

காரின் இரும்பு காந்தத் திசைகாட்டியைக் குழப்பியது. வட்டத் தட்டின் நடுவே ஊசி நட்டு, அதன் நிழலைப் பார்த்து ஓட்டினார். 1940-ல் அவர் உருவாக்கிய நெடுந்தூரப் பாலைவனப் படையின் லாரிகளிலும் இந்த மூன்றும் இடம்பெற்றன.

தம்பி பிரேக், ஸ்டீயரிங் சாமான்களை மட்டும் புதிதாக வாங்கட்டும். வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.