வட்டல் முதலாளி

கோயம்புத்தூரில் ஓய்வுபெற்றவர் நிஜமாகவே ஓய்வாக உட்கார்ந்துவிட்டால் வீட்டில் பயந்துபோவார்கள். சர்க்கரை ஏறிவிட்டதோ என்று லேபுக்கு அனுப்புவார்கள். ஆகவே கணபதியிலோ பீளமேட்டிலோ முப்பது வருடம் லேத் பட்டறை நடத்திவிட்டு, சாவியைப் பையனிடம் கொடுத்த முதலாளி எதையாவது பிடித்துக்கொண்டாக வேண்டும். சிலர் தேனீ வளர்ப்பார்கள். சிலர் மாடியில் மீன்தொட்டி கட்டுவார்கள். ஈமு கோழியில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் 2012-க்குப் பிறகு இறகு முளைத்த எதையும் நம்புவதில்லை. இந்தக் கூட்டத்தில் அபூர்வமானவர் தங்கம் அரிக்கிறவர்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸ் இருக்கும். இன்னொரு பையில் ஊசிமருந்து காலியான கண்ணாடிக் குப்பி. கார் டிக்கியில் மண்வெட்டி, சல்லடை, ரப்பர் பூட்ஸ். பாலத்தின் மேல் போகும்போது மட்டும் வண்டி மெதுவாகும். தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது, வளைவின் உட்புறத்தில் எங்கே மணல் திட்டு விழுகிறது என்று பார்ப்பார். பின்னால் வருகிற டவுன்பஸ் டிரைவர் அவருடைய பூர்வீகத்தையே விசாரிப்பார். அவர் காதில் விழாது.

தங்கம் அரிக்கும் தட்டு பிளாஸ்டிக்கில் கடையிலேயே கிடைக்கிறது. ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்குவது கொங்கு நாட்டில் கௌரவக் குறைவு. "அதை வாங்கறதுக்கா என்ற பட்டறையில ஆறு லேத் ஓடுது?" அலுமினியத் தகட்டை அச்சில் ஏற்றி, சுழலவிட்டு, உள்பக்கம் வரிவரியாகப் பள்ளம் போட்டு ஒரு வட்டல் செய்தார். கனம் அதிகம் என்று இரண்டாவது. சரிவு போதாது என்று மூன்றாவது. அதைச் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்தபோது வீட்டம்மா ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங்க, இது எங்கம்மா அரிசியில கல்லு அரிக்கற அரிக்கஞ்சட்டியாட்டவே இருக்குதுங்க."

முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் அம்மணி சொன்னதில் பிழை இல்லை. தண்ணீரில் ஆட்டினால் கனமானது அடியில் தங்கும், லேசானது வழிந்துபோகும். அதே சட்டம், அதே வரிப்பள்ளம். வித்தியாசம் ஒன்றுதான்: சமையலறையில் அடியில் தங்குவதை வீசிவிடுவார்கள், இவர் அதைத்தான் எடுத்து வைக்கிறார். சாதாரண மணல் தண்ணீரைப்போல ஏறக்குறைய 2.65 மடங்கு கனம். காந்தத்தில் ஒட்டும் கருமணல் ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் மேல். தங்கம் 19.3 மடங்கு. இடமும் வலமுமாக ஆட்டி, லேசாகச் சாய்த்து, மேல்மணலைக் கழுவிவிட்டுக்கொண்டே போனால் கடைசியில் கருமணல் ஒரு கோடாக நிற்கும். அதன் வாலில் மஞ்சள் ஒளிந்திருந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

பழகுவதற்கு ஆற்றுக்குப் போகவில்லை. நொய்யலில் தண்ணீர் வரும் நாளை நம்பி எந்தத் தொழிலும் பழக முடியாது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பழகினார். ஏர்கன் ஈய ரவையைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கி, பத்தை எண்ணி மணலில் கலந்து, அலசி, எத்தனை திரும்பி வருகிறது என்று பார்ப்பது. ஈயம் 11.3 மடங்குதான். அதுவே நின்றால் தங்கம் நிற்காமல் எங்கே போகும்? பத்துக்குப் பத்து வந்த அன்று சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்து சொன்னார். அவர்கள் ஏதோ நில விஷயம் கைகூடிவிட்டது என்று நினைத்து வாழ்த்தினார்கள்.

ஆடிட்டரையும் கேட்டுவைத்தார். 1957-ஆம் வருடத்துச் சுரங்கச் சட்டப்படி கனிமம் எடுக்க அரசாங்கத்திடம் குத்தகை வேண்டும் என்றார் ஆடிட்டர். "ஒரு குந்துமணித் தங்கத்துக்குமாங்க?" ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த ஊரில் ஆடிட்டர் கண்ணாடி துடைத்தால் கேள்வி பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

பிறகு கேரளத்து நிலம்பூர். சாலியாற்றிலும் அதில் சேரும் புன்னப்புழையிலும் தலைமுறை தலைமுறையாக மரத்தட்டு வைத்துத் தங்கம் அரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் நம் கூடலூர், பந்தலூர், தேவாலா மலைகளிலிருந்து இறங்குவது. அந்த மலைகளைப் பற்றி ஆரம்பித்தால் முதலாளியை நிறுத்த முடியாது. 1879-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரோ ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் வந்து பார்த்ததும், அடுத்த ஓரிரு வருடத்தில் லண்டனில் கம்பெனிகள் காளான்போல முளைத்ததும், தேவாலாவில் இயந்திரங்கள் வந்து இறங்கியதும், கொஞ்ச காலத்தில் எல்லாம் படுத்ததும் அவருக்கு மனப்பாடம். சொல்லி முடித்து, தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார்: "லண்டன்காரனுக்கே கட்டுபடியாகலைங்க!" தன் பணம் போகாத நஷ்டத்தைச் சொல்லும்போது வருகிற தெம்பே தனி.

ஆற்றில் அவர் முதலில் கண்டது காக்காய்ப்பொன். வெயிலில் தகதகவென்று மின்னும், விரலால் நசுக்கினால் பொடியாகும். அதையும் ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டார்; கொங்கு நாட்டில் எதையும் சும்மா விட்டுவரக் கூடாது. பக்கத்தில் அரித்துக்கொண்டிருந்த கிழவி, இவர் அலசித் தள்ளிய மணலை ஒரு கை அள்ளித் தன் மரத்தட்டில் போட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி, ஊசிமுனை அளவு தங்கத்தைக் காட்டினாள். பத்துக்குப் பத்து வாங்கியவர் ஒன்றும் பேசவில்லை. வட்டலின் சரிவு இன்னும் இரண்டு டிகிரி குறைய வேண்டும் என்று சிட்டையில் எழுதிக்கொண்டார்.

அந்தச் சிட்டைதான் அவருடைய உண்மையான பொழுதுபோக்கு என்பது என் கட்சி. டீசல், ரூம் வாடகை, பரோட்டா, பூட்ஸ் தேய்மானம் எல்லாம் பற்றில் இருக்கும். வரவில் மில்லிகிராம். ஒரு மில்லிகிராமுக்கு அடக்கவிலை என்ன என்று கூட்டி, கழித்து, கீழே இரட்டைக்கோடு போடும்போது அவர் முகத்தில் வருகிற சாந்தம் மருதமலையில்கூட வந்ததில்லை.

யாரோ சொன்னார்கள், இதற்கு நிலம்பூர்வரை போவானேன் என்று. கோயம்புத்தூர் நகைத்தொழில் ஊர். ராஜ வீதியிலும் வைசியாள் வீதியிலும் சுற்றியுள்ள சந்துகளிலும் பட்டறைகள். அரம் போடும்போது பறக்கும் தூசு தரையிலும் துணியிலும் கைகழுவும் தண்ணீரிலும் சேரும். பட்டறைக்காரர்கள் குப்பையைக்கூட விடமாட்டார்கள், அதற்கும் விலை உண்டு. அதையும் மீறித் தப்பியது சாக்கடைக்குப் போகிறது. அந்தச் சேற்றை வாரி, சட்டியில் அலசி, பாதரசத்தில் பிடித்து, சூடுகாட்டிப் பிரித்து வயிறு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது என்று சொல்ல நிறையப் பேர் உண்டு. வேறு வேலை கொடுக்கத்தான் ஆளில்லை.

முதலாளி ஒரு விடியற்காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே போய் நின்றார். சாக்கடையில் இறங்க மனம் வரவில்லை. எதிரே தெரிந்தவர் கடை. ஓரமாகக் குனிந்து, சட்டியை ஆட்டிக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, கட்டுபடியாகுதுங்களா?"

"சோறு திங்கறமுங்க." அவள் கை நிற்கவில்லை. "ஐயாவுக்கு எதுக்குங்க இந்தச் சோலி?"

"எனக்கும் இது பழக்கங்க. ஆத்துல அரிப்பேன். ஹாபிங்க."

அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்குக் கூலி எவ்வளவு தர்றாங்க?"

முதலாளி பொய் சொல்லிப் பழகாதவர். சட்டைப் பையிலிருந்து சிட்டையை எடுத்துப் பிரித்தார்.