புரட்டாசியும் டாக்கோ வெள்ளியும்

ஊமியோ, ஸ்வீடன்
புரட்டாசி, இரண்டாவது சனிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் நலம். தினமும் போனில் "என்ன சமைச்சீங்க கண்ணு?" என்று நீ கேட்பதும், "ஏதோ ஒண்ணும்மா" என்று நான் மழுப்புவதும் உனக்குப் பிடிக்கவில்லை என்று அப்பா சொன்னார். அதனால் விவரமாக எழுதுகிறேன். அப்பாவை வாசிக்கச் சொல். நடுவில் அவர் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் நம்பாதே.

இங்கே யாரும் காலையில் எழுந்து இன்றைக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்று மோட்டுவளையைப் பார்த்து யோசிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையே ஏழு நாளுக்கும் பட்டியல் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் கடைக்குப் போகிறார்கள். நாலு பேர் வீடு என்றால் நாலு துண்டு மீன், எட்டு உருளைக்கிழங்கு. மிச்சம் வந்தால் மறுநாள் ஆபீஸ் டப்பாவுக்கு. அந்த டப்பாவைச் சூடாக்க எங்கள் ஆபீஸில் வரிசையாக மைக்ரோவேவ் அடுப்புகள் இருக்கின்றன. பதினொன்றரைக்கே மதியச் சாப்பாடு. சாயங்காலம் ஐந்து மணிக்கு ராத்திரிச் சாப்பாடு. நம் ஊரில் அந்த நேரத்துக்குப் பஜ்ஜிக்கே எண்ணெய் காய்ந்திருக்காது.

ஒரு நாள் நான் வத்தக்குழம்பைச் சூடாக்கினேன். கதவைத் திறந்ததும் எனக்குப் பின்னால் நின்றவர் மிகவும் மரியாதையாக, "இதில் ஏதாவது பழுதாகியிருக்கிறதா?" என்று கேட்டார். மைக்ரோவேவைச் சொன்னாரா, குழம்பைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்கு வீடு பட்டியல் ஒருபுறம் இருக்க, நாட்டுக்கே பொதுவாக ஒரு பட்டியல் இருக்கிறதம்மா. வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப், அதற்குப் பிறகு ஜாம் தடவிய பான்கேக். பட்டாளத்தில்கூட வியாழன் இதுதான். ஏன் என்று விசாரித்தேன். முன்னொரு காலத்தில் இவர்கள் கத்தோலிக்கர்களாக இருந்தபோது வெள்ளிக்கிழமை விரதம். அதனால் வியாழனே பன்றிக்கறி போட்ட பட்டாணியை வயிறு நிறையச் சாப்பிட்டு வைத்துக்கொள்வார்களாம். பதினாறாம் நூற்றாண்டில் சபை மாறியது, விரதம் போனது. சூப் மட்டும் போகவில்லை. விரதத்தை விட்டுவிட்டு விரதத்துக்கு முந்தின நாள் விருந்தை மட்டும் வைத்துக்கொண்ட கெட்டிக்கார ஜனங்கள்!

வெள்ளிக்கிழமை டாக்கோ. மக்காச்சோள மாவில் செய்த மொறுமொறு ஓட்டுக்குள் கொத்துக்கறி, வெள்ளரிக்காய், சாஸ் எல்லாம் அடைத்துச் சாப்பிடுவது. பிறந்த ஊர் மெக்சிகோ. இங்கே எப்படியோ வெள்ளிக்கிழமை ராத்திரியின் தேசிய உணவாகிவிட்டது. உன் பேத்தி பள்ளிக்கூடத்தில் எல்லோரும் டாக்கோ சாப்பிடுகிறார்கள், நாம் மட்டும் ஏன் வெள்ளிக்கிழமை சாம்பார் என்று ஒரே ரகளை. உன் மருமகளோ வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய வீட்டில் கறி ஏறாது என்று பிடிவாதம். பஞ்சாயத்து என்னிடம் வந்தது. நான் எப்போதும்போல் ஜன்னல் வழியாக பிர்ச் மரங்களைப் பார்த்தேன். 1888-ல் இந்த ஊர் எரிந்து போனபிறகு, தீ பரவாமல் தடுக்க என்று தெருத்தெருவாக நட்ட மரங்கள். குடும்பத் தீயைத் தடுக்க அவை உதவுவதில்லை.

கடைசியில் உன் மருமகள்தான் வழி கண்டுபிடித்தாள். அவள் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பெண் அல்லவா? டாக்கோ ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டாக உடைத்தாள். ஒரு துண்டின்மேல் பச்சைச் சட்னி, இன்னொன்றின்மேல் காரச் சட்னி, நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், எலுமிச்சை பிழிந்து அமுக்கினாள். தட்டுவடை செட்! அச்சு அசல் நம் சேலத்துத் தட்டுவடை செட், ஸ்வீடன் தேசத்து வெள்ளிக்கிழமையில். பேத்தி டாக்கோ என்று சாப்பிட்டாள், நாங்கள் தட்டுவடை என்று சாப்பிட்டோம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சண்டை இல்லை.

சனிக்கிழமைதான் வேடிக்கை. நமக்குப் புரட்டாசிச் சனி, பெருமாளுக்கு விரதம். இங்கே சனிக்கிழமை பிள்ளைகளுக்கு மிட்டாய் நாள். வாரத்தில் மற்ற நாள் கேட்டால் கிடைக்காது. சனியன்று கடையில் காகிதப் பையை எடுத்து, கரண்டி கரண்டியாக அள்ளிக்கொள்ளலாம். இதற்குப் பின்னால் ஒரு இருண்ட கதை உண்டு. 1940களில் லுண்டு நகரத்தில் விபெஹோல்ம் என்கிற, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான விடுதியில் இருந்தவர்களுக்கு, அவர்கள் சம்மதம் இல்லாமலே, பல்லில் ஒட்டும் டாஃபியாகக் கொடுத்துச் சொத்தை வருகிறதா என்று பார்த்தார்கள். வந்தது. அடிக்கடி தின்பதுதான் கெடுதல், தின்றால் வாரத்தில் ஒரு நாள் தின்னுங்கள் என்று அரசாங்கம் சொல்ல, அதுவே வழக்கமாகிவிட்டது. யாரோ ஒரு வாயில்லாப் பூச்சியின் பல் போய் ஊர்ப் பிள்ளைகளின் பல் பிழைத்திருக்கிறது. மிட்டாய்ப் பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். பேத்திக்கு வராது. "பெருமாள் பட்டினி கிடக்கட்டும், நான் மிட்டாய்" என்று தெளிவாக இருக்கிறாள்.

இங்கே பள்ளியில் மதியச் சாப்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம், சட்டமே அப்படி. நம் காமராஜர் காலத்து மதிய உணவுக் கதையைச் சொன்னால் இவர்கள் கண் விரிகிறது. ஆனால் சாப்பாட்டில் மாற்றம் வேண்டுமென்றால் படிவம் நிரப்ப வேண்டும். சைவமா, அசைவமா, பன்றி வேண்டாமா, பால் ஒவ்வாதா என்று கட்டங்கள். நம் வீட்டுக் கணக்கு எந்தக் கட்டத்தில் அடங்கும்? ஞாயிறு அசைவம். செவ்வாய், வெள்ளி சைவம். அமாவாசை, கிருத்திகை சைவம். புரட்டாசி முழுக்கச் சைவம், ஆனால் முட்டை போட்ட கேக் பரவாயில்லை. மாடு எப்போதும் இல்லை. உன் மருமகள் இதையெல்லாம் தனித்தாளில் எழுதி, தினசரி காலண்டரைப் படம் பிடித்துச் சேர்த்து அனுப்பினாள். சமையற்கூடத்து அம்மாள் போனில் கூப்பிட்டு, "நிலா தெரியாத நாளிலும் இறைச்சி கூடாதா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். சற்று நேரம் பேச்சில்லை. அவர்கள் ஏட்டில் உன் பேத்திக்கு நேரே 'நிலா அலர்ஜி' என்று எழுதியிருப்பார்கள் என்பது என் அனுமானம்.

செப்டம்பரில் இந்த வடக்குப் பக்கம் மூஸ் வேட்டை தொடங்கிவிடும். அனுமதி வாங்கி, ஊரே கூடி, துப்பாக்கியோடு காட்டுக்குப் போவார்கள். என்னுடன் வேலை பார்ப்பவர் தன் பங்கில் ஒரு கிலோ கறியை உறைய வைத்து, பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். இங்கே அது பெரிய மரியாதை. "மான் ஜாதியா, மாட்டு ஜாதியா?" என்று உன் மருமகள் கேட்டாள். மான்தான் என்றேன். நம் சேர்வராயன் மலைக் காட்டெருமைக்குக் கொம்பை மட்டும் மாற்றி வைத்தது மாதிரி இருக்கும் என்பதைச் சொல்லவில்லை, அவள் ஜாதியைத்தான் கேட்டாள், அளவைக் கேட்கவில்லை. ஆனால் வந்த நேரம் புரட்டாசி. மறுநாள் அவர், "கறி எப்படி?" என்றார். "ஐப்பசி ஒன்றாம் தேதிக்கு மேல் சொல்கிறேன்" என்றேன். வீணாகும் தேதியைச் சொல்கிறேன் என்று நினைத்து, "கவலைப்படாதே, அதற்கு மேலும் தாங்கும்" என்று தைரியம் சொன்னார். ஃப்ரீசரில் மூஸும் தவம் இருக்கிறது.

காப்பி விஷயத்தில் மட்டும் இவர்கள் நம் ஜனம். காலை பத்துக்கு ஒரு முறை, மூன்றுக்கு ஒரு முறை, வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். ஆனால் இதே நாட்டில் 1756 முதல் 1820கள் வரை விட்டுவிட்டுக் காப்பிக்குத் தடை இருந்திருக்கிறது. தடை ஒருவழியாக நீங்கின அதே காலத்தில்தான் சேலம் கலெக்டர் காக்பர்ன் நம் சேர்வராயன் மலைக் கிரேஞ்ச் எஸ்டேட்டில் காப்பிச் செடி வைத்தார் என்று சொன்னபோது ஆபீஸில் எனக்குத் திடீரென்று மதிப்பு கூடிவிட்டது. அந்த மிதப்பில் எதிர்வீட்டுப் பாட்டிக்கு நம் டிகிரி காப்பி போட்டுக் கொடுத்தேன். தொண்ணூறைத் தாண்டியவர். ஒரு வாய் குடித்து, நிதானமாக, "மறுபடியும் யுத்தமா?" என்றார். இரண்டாம் உலகப் போரில் காப்பிக்கு ரேஷன் போட்டபோது சிக்கரிதான் குடித்தார்களாம். ஆனால் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார். மறுநாளும் வந்தார்.

கோபம் வராமல் கேள். பேத்தி ஒரு சிநேகிதி வீட்டுக்கு விளையாடப் போனாள். ஐந்து மணிக்கு அவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். இவளை அறையிலேயே விளையாடிக்கொண்டு இரு என்று சொல்லியிருக்கிறார்கள். இவள் பொம்மையை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். எனக்கு முதலில் ரத்தம் கொதித்தது. விசாரித்தால், இது பழைய பழக்கம். 2022-ல் இணையத்தில் உலகமே இதற்காக ஸ்வீடனைக் கிழித்திருக்கிறது. கல்நெஞ்சம் இல்லையம்மா. விளையாட வந்த பிள்ளைக்கு அதன் வீட்டில் சாப்பாடு எண்ணி வைத்திருப்பார்கள், நாம் ஊட்டிவிட்டால் அது வீணாகும், அவர்களுக்கு நம்மிடம் கடன்பட்டது போலவும் ஆகும் என்பது இவர்கள் நியாயம். இப்போது பல வீடுகளில் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள் என்கிறார்கள்.

நியாயம் புரிகிறது. மனசு ஒப்பவில்லை. மே மாதம் கோடை விழா என்றால், சேலத்து வெயிலுக்குப் பயந்து சொந்தபந்தம் எல்லாம் நம் மலையின் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி, பாதிப்பேர் வாந்தி எடுத்துக்கொண்டு நம் வாசலில் வந்து இறங்குமே! யார் சொல்லிவிட்டு வந்தார்கள்? நீ ஒருமுறைகூட எண்ணி உலை வைத்ததில்லை. மிளகு ரசம் மட்டும் அண்டாவில் கொதித்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு எட்டு உருளைக்கிழங்கு எண்ணத் தெரியுமா? ஆகவே எங்கள் ஃப்ரிட்ஜ் பட்டியலில் மூன்று பெயருக்குக் கீழே நாலாவதாக 'வருகிறவர்' என்று ஒரு வரி உண்டு. யாரும் வராவிட்டால் அது மறுநாள் என் டப்பா.

போன வாரம் அதே சிநேகிதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். ராத்திரி அவள் அப்பாவிடமிருந்து செய்தி: மிகவும் நன்றி, சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆயிற்று என்று சொன்னால் ஸ்விஷ் பண்ணிவிடுகிறேன். ஸ்விஷ் என்றால் நம் ஜிபே மாதிரி. உன் மருமகளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! பணம் வேண்டாம், அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு வாருங்கள் என்று பதில் போட்டாள். வருகிறார்களாம். எத்தனை மணிக்கு, எத்தனை பேர், என்ன கொண்டுவர வேண்டும் என்று மூன்று செய்தி வந்துவிட்டது.

அந்தச் சாப்பாட்டுக்குத்தான் ஒரு உதவி வேண்டும். அடுத்த வாரம் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு பையன் இங்கே படிக்க வருகிறான். அவன் கையில் நெய் கொடுத்துவிடாதே, பால் சம்பந்தப்பட்டது எதையும் ஏர்போர்ட்டில் விடமாட்டார்கள். பலாப்பழமும் வேண்டாம். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் இந்த ஐந்துக்கும் காகிதம் தேவையில்லையாம், நம் பலாவுக்குத்தான் சான்றிதழ் கேட்கிறார்கள். துரியனை விட்டவர்களுக்குப் பலா மேல் என்ன பகையோ! காப்பிப்பொடி ஒரு கிலோ, நம் தோட்டத்து மிளகு அரைக் கிலோ போதும். சிக்கரி வழக்கமான அளவே இருக்கட்டும், பாட்டி பழகிவிட்டார். மிளகை முழுசாகவே அனுப்பு, பொடித்து அனுப்பாதே.

அன்புடன்,
உன் மகன்