மாப்பிள்ளைப் பதவி பறிபோன கதை

நம்ம பக்கத்தில் மாப்பிள்ளைக்கு இருக்கிற மரியாதையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலை நரைத்து, கடைவாய்ப் பல் போய், பேரன் எடுத்த பிறகும், நாம் உள்ளே நுழைந்தால் மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நிற்பார். "வாங்க மாப்ள, சாப்ட்டீங்களா?" என்பார். எங்க அத்தையும் அப்படி இருந்தவர்தான். இப்போது, "ஏம்ப்பா, நீ எந்த ஊரு? பொம்பளைங்க இருக்கிற வூட்ல நாள் பூரா குந்திக்கினு இருக்கியே, உனக்கு வேல வெட்டி இல்லியா?" என்கிறார். ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியாரிடம் இதற்கு என்ன பதில் இருக்கும்? என் மனைவியும் பல வருஷமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு நோயும் இல்லை.

அத்தைக்கு அல்சைமர். 1906-ல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் இந்த நோயைப் பற்றி முதன்முதலாக எடுத்துச் சொன்னாராம். அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் யார் பெயர் யாருக்கு மறந்தாலும் அந்த மனிதர் பெயர் மட்டும் மறப்பதில்லை.

பொழுது சாய்ந்தால்தான் தொல்லை. "எங்க வூட்டுக்குப் போவணும்" என்று அத்தை பையைத் தூக்கிக்கொள்வார். இந்த நோயில் அந்தி நேரத்துத் தவிப்பு சகஜம், கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். பெங்களூரில் இருக்கும் மகள் உடனே கட்சியில் சேர்ந்துகொண்டாள். "அப்பா, கடையில வாங்காதே. நீயே கையால செஞ்சு குடு" என்று தினம் வீடியோ. கூடவே புள்ளிவிவரம் வேறு: நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய், மொத்தம் 88 லட்சம் பேர் என்று ஒரு பெரிய ஆய்வில் கணக்குப் போட்டிருக்கிறார்களாம். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? "7 சரி, அந்தப் புள்ளி 4 யாரு?" என்று கேட்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

முதலில் பாசி கோப்பது. அத்தை பாசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, "வேவல" என்றார். சின்னச் சாமான்களை இவர்கள் விழுங்கிவிடும் அபாயம் உண்டு என்று மகள் அதற்கப்புறம் ஒரு வீடியோ அனுப்பினாள். அடுத்து, படம் வரைந்து வண்ணம் தீட்டக் கொடுத்தேன். நான் வரைந்த மயிலைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பாவம், எந்தப் புள்ளையோ கிறுக்கிட்டுப் போயிருக்கு" என்று மடித்து வைத்தார்.

மூன்றாவதாகப் படத்தை வெட்டிச் சேர்க்கும் விளையாட்டு. செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்த 2025-ல் யாரோ கொடுத்த, அந்தக் கோட்டையின் ராஜகிரி மலைப் படம் ஒன்று வீட்டில் கிடந்தது. அட்டையில் ஒட்டித் துண்டு துண்டாக நறுக்கினேன். முகலாயப் படை 1690-ல் முற்றுகையிட்டு 1698-ல்தான் பிடித்த கோட்டை அது. என் கத்தரிக்கோலுக்கு ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. அத்தை துண்டுகளை அளைந்து பார்த்தார். "நல்லா இருந்த கோட்டைய இடிச்சிட்டியேடா, பாவி!" என்றார். அன்றைக்குத்தான் 'டா' ஆரம்பமானது.

நான்காவதுதான் பிரமாதம். தாழ்ப்பாள் பலகை! வெளிநாட்டில் இந்த நோயாளிகளுக்கு பித்தான், ஜிப் எல்லாம் வைத்துத் தைத்த ஏப்ரன் தருகிறார்களாம், விரல்கள் சும்மா இருக்காமல் எதையாவது திருகிக்கொண்டிருக்க. தையல் எனக்கு வராது. செஞ்சி பஜாருக்குப் போய்ப் பலகை, தாழ்ப்பாள், கொக்கி, நாதாங்கி, சைக்கிள் பெல் எல்லாம் வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து அடித்தேன். ஆணிகளில் சில பலகையிலும் இறங்கின. கட்டுப்போட்ட விரலோடு நான் நீட்டிய பலகையை அத்தை மடியில் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் முழுக்க தாழ்ப்பாளை இழுப்பது, கொக்கியை எடுப்பது, மறுபடி மாட்டுவது. "வூட்டுக்குப் போவணும்" என்ற பேச்சே இல்லை. வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்த ஐப்பசியில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தலாமா என்றுகூட எண்ணம் ஓடியது.

அதற்கு முன்பே புரட்டாசி வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் பலகை இருக்கிறது, அத்தை இல்லை. வாசல் கதவின் மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், கொக்கி, நாதாங்கி எல்லாம் முறையாகக் கழற்றப்பட்டிருந்தன. பழைய மாணவர்களில் என்னிடம் படித்ததை இவ்வளவு சுத்தமாக வாழ்க்கையில் பயன்படுத்தியவர் வேறு யாருமில்லை.

தெருத் தெருவாக ஓடினேன். அத்தை எங்கே இருந்தார் தெரியுமா? மலையடிவாரத்தில், அரங்கநாதர் கோயில் படிக்கட்டுக்குப் பக்கத்தில், பூக்காரம்மா சாக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்து துளசி மாலை கட்டிக்கொண்டிருந்தார். "உங்க வூட்டு அம்மாவா சார்? கூட்டத்துல கை போதலயேன்னு தவிச்சிக்கினு இருந்தேன், மவராசி வந்து ஒக்காந்தாங்க" என்கிறாள் பூக்காரம்மா. காலையில் காபி குடித்தோமா என்பது நினைவில்லாத அத்தையின் விரல், நாரைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, இழுத்து, அடுத்த கொத்தை எடுக்கிறது. கண் அந்தப் பக்கமே போகவில்லை. புதிதாக நடப்பதைப் பதிந்து வைக்கிற மூளைப்பகுதி முதலில் கெட்டுப்போகிறது. பழகிய கைவேலை வேறு இடத்தில் இருப்பதால் வெகுகாலம் தாங்கும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். "அத்தை, வீட்டுக்குப் போலாம்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலே குடைவரையில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளும், போருக்குப் புறப்பட்ட தேசிங்கு ராஜா விடை கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றுதான் ஊரில் சொல்வார்கள். 1714-ல் தேசிங்கு போரில் செத்துப் பாட்டில் ஏறினார். எனக்கு அந்தப் பாட்டும் கிடையாது.

அன்றிலிருந்து வீட்டில் பூ. வாழை நாரைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்துத் தருவது என் வேலை. "இது நாரா, தாம்புக் கயிறா?" என்று தினம் வசவு. முகூர்த்த நாளில் மல்லி விலை ஏறியதும் மனைவி கையை விரித்துவிட்டாள். தையல்காரரிடம் துண்டுத்துணி வாங்கிப் பூ மாதிரி வெட்டிக் கொடுத்தேன். அத்தை அதையும் கட்டினார், மனமில்லாமல். அவர் தூங்கியதும் நான் திண்ணையில் உட்கார்ந்து அத்தனையையும் பிரித்து வைக்க வேண்டும், மறுநாள் கட்டுவதற்கு. இரவு பத்து மணிக்கு ஒரு ஆம்பிளை துணிப்பூவைப் பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "அம்மாவுக்கு இப்ப பரவாயில்லையா சார்?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கு?" என்றார்.

இப்போது விதை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் காலம். மெஷினில் போட்டால் பருப்பு அடிபட்டு முளைப்பு கெடும் என்று விதைக்குக் கையால்தான் உடைப்பார்கள். அத்தை சின்ன வயசில் படிக்கணக்கில் கூலிக்கு உடைத்தவர். தெரிந்த விவசாயி ஒருவர் ஒரு மூட்டை இறக்கினார். மடியில் முறத்தை வைத்ததும் அத்தைக்கு எங்கிருந்துதான் அந்த அதிகாரம் வந்ததோ! என்னை எதிரே உட்காரவைத்து, தோல் உரிந்த பருப்பையெல்லாம் பொறுக்கித் தனியே எடுத்து என் முன்னால் கொட்டுகிறார். வாத்தியார் வேலையில் நான் பிள்ளைகள் நோட்டில் போட்ட சிவப்புக் கோடுகள் அத்தனைக்கும் வட்டியோடு திரும்ப வாங்குகிறேன். ஒன்றிரண்டை வாயில் போட்டுக்கொண்டதையும் பார்த்துவிட்டார்.

நேற்று சாயங்காலம் என் மனைவியைக் கூப்பிட்டு, என் காதுபடவே சொன்னார்: "இந்த ஆளு ஒடச்ச கூலி தின்ன பருப்புக்கே சரியாப் போச்சு. நாளைலேர்ந்து வர வாணாம்னு சொல்லிடு."

மனைவி முறத்தைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்: "வுடும்மா. கூலி கேக்காத ஆளு இந்தக் காலத்துல எங்க கெடைக்கும்?"