மாமல்லபுரத்துக்குச் சைக்கிள் வழி: காற்று, சந்தை, அத்தை வீடு குறித்த ஓர் ஆய்வு

ஸ்பெயின் நாட்டுக் காடிஸில் தொடங்கி பெரும்பாலும் மத்தியதரைக் கடலை ஒட்டி சைப்ரஸ் வரை போகும் சைக்கிள் தடத்துக்கு யூரோவேலோ 8 என்று பெயர். நீளம் ஏறத்தாழ 7,500 கிலோமீட்டர். அத்தனை தூரத்தில் ஒருவருடைய அத்தை வீடும் குறிக்கப்படவில்லை. அந்தக் குறையே இவ்வாய்வுக்குத் தூண்டுகோல்.

சென்னைப் புறநகரான எங்கள் அனகாபுத்தூரிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சைக்கிள் மிதிப்போரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. பல்லாவரம் கட்சி பம்மல் வழியாக ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி, ரேடியல் ரோட்டில் துரைப்பாக்கம், அங்கிருந்து சோழிங்கநல்லூர், கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆர். என்று போகும். வண்டலூர் கட்சிக்குத் திருநீர்மலை, தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம். (குன்றத்தூர் வழி மேற்கே போகிறது. அந்தப் பக்கம் கடல் இல்லாததால் தள்ளுபடி.) இரு கட்சியாரும் தூரத்தைத்தான் அளந்தார்கள்; காற்றை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் மிஸ்ட்ரல் என்னும் வடகாற்றுக்குப் பயந்து, விவரம் தெரிந்தவர்கள் வடக்கிலிருந்து தெற்கேதான் மிதிப்பார்கள். நம்மிடமும் சான்று இருக்கிறது: ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும். அப்புறம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் எம்மாத்திரம்? ஆனி, ஆடிக் காலைகளில் காற்று மேற்கிலிருந்து வரும். வண்டலூரிலிருந்து கிழக்கே கேளம்பாக்கம் போகிறவனை அது முதுகில் கைவைத்துத் தள்ளும். வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று உள்ளே வரும். அது முதலில் தொடுவது கரையைத்தான். பல்லாவரம் கட்சி தெற்கே இறங்குவது பெரும்பாலும் கரையோரமாக. டீக்கடையில் ஒரு வடை அதிகம் தின்று நேரமாகிவிட்டால் மிச்ச வழி முழுக்க முகத்தில் அறை. வண்டலூர் கட்சிக்கு அந்த ஆபத்து கோவளத்துக்குப் பிறகுதான். திரும்பும்போதோ தென்கிழக்குக் காற்று ஈ.சி.ஆரில் வடக்கே தள்ளி, ரேடியல் ரோட்டில் மேற்கே தள்ளி, பல்லாவரத்தில் கொண்டுவந்து விடும். ஆகவே வண்டலூர் வழியே போய்ப் பல்லாவரம் வழியே திரும்ப வேண்டும் என்பது எமது கருதுகோள்.

இதற்கு முதல் மறுப்பு பாட்டியிடமிருந்து வந்தது. வரைபடத்தில் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவர், "ஏண்டா, இது அப்பிரதட்சிணமால்ல இருக்கு!" என்றார். திசை உண்மையில் இடஞ்சுழிதான். வானிலை நூல்களில் இதற்குப் பதில் கிடையாது.

இரண்டாவது தரப்பு அம்மா. "போற வழிதானே" என்பது அவருடைய கோட்பாடு. அதன்படி 15 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரும் போற வழிதான். கேளம்பாக்கத்து அத்தைக்கு ஒரு வாழைநார்ப் புடவை கொடுத்தனுப்ப வேண்டும். கேரியரில் புடவையா என்று முனகியதற்கு, "நம்மூர் நெசவு ஒரு காலத்துல நைஜீரியா வரைக்கும் போச்சு, கேளம்பாக்கம் போகாதா?" என்றார். நம்மூரில் நெய்த மெட்ராஸ் கைக்குட்டையின் ஏற்றுமதி வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

திரும்பும்போது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் காய்கறியும் ஒரு ரோஜாச் செடியும் வாங்கி வர வேண்டும். இங்கேதான் ஆய்வு திரும்பியது. பல்லாவரம் வழியாகப் போனால் கத்தரிக்காய் மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வதக்கலாகத்தான் வீடு சேரும். இடஞ்சுழியில் சுற்றினால் சந்தை கடைசியில் வரும். பம்மலைத் தாண்டினால் வீடு. காற்றும் கத்தரிக்காயும் ஒரே முடிவைச் சொல்ல, அம்மா தீர்ப்பை அறிவித்தார். சுற்றுலா நாள் வெள்ளிக்கிழமை என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது. அலுவலகத்தில் விடுப்பு கேட்பது ஆய்வாளர் பாடு.

பாட்டி ஒரு திருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். போகிற வழியில் திருநீர்மலையில் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, அடிவாரத்து நீர்வண்ணப் பெருமாளைப் பிரதட்சிணமாக மூன்று சுற்றுச் சுற்றிவிட வேண்டும். அதோடு கணக்கு நேராகிவிடும். புடவையைக் கேரியரிலேயே விட்டுப் போகக் கூடாது என்று அம்மா அதற்கு ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார்.