வோல்ட்டை ஆம்பியரால் வகுத்த கதை

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ். இரண்டையும் பெருக்கினால் பவர். முடிந்தது பாடம்! பத்தாம் வகுப்புப் பையன் கொட்டாவி விட்டுக்கொண்டே போடும் கணக்கு. இந்த ஒரு வகுத்தலுக்காக ஒரு ஜெர்மன் வாத்தியார் வேலையை விட்டார். ஓர் ஆங்கிலேயக் கோடீஸ்வரர் தன் உடம்பில் தானே ஷாக் ஏற்றிக்கொண்டார். இத்தனைக்கும் இருவருமே மேதைகள்!

வாத்தியாரின் பெயர் ஜார்ஜ் சைமன் ஓம். 1789-ல் எர்லாங்கன் நகரில் பிறந்தவர். அப்பா பூட்டு செய்பவர். தானாகவே கணக்குக் கற்று, பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே டியூஷன் எடுத்த வைராக்கியசாலி. அப்பேர்ப்பட்டவர் மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப, மகனோ அங்கே மூன்று துறைகளில் பின்னி எடுத்தார்: டான்ஸ், ஐஸ் ஸ்கேட்டிங், பில்லியர்ட்ஸ். கடுப்பான அப்பா படிப்பை நிறுத்திப் பையனை ஸ்விட்சர்லாந்துக்குப் பேக் பண்ணி அனுப்பினார். தண்டனைக்கு ஸ்விட்சர்லாந்து! நமக்கெல்லாம் அப்படி ஓர் அப்பா வாய்க்கவில்லை.

பிறகு திருந்தி, டாக்டர் பட்டம் வாங்கி, கொலோன் நகரில் பள்ளி வாத்தியார் ஆனார். கண் மட்டும் பல்கலைக்கழக நாற்காலி மேலேயே. அதற்கு ஏதாவது பெரிசாகக் கண்டுபிடித்தாக வேண்டுமே? 1825-ல், கம்பியின் நீளம் கூடினால் கரண்ட் எப்படிக் குறைகிறது என்று அளந்து, லாகரிதமெல்லாம் போட்டு ஒரு ஃபார்முலாவை அவசர அவசரமாக அச்சேற்றினார். கம்பீரமான ஃபார்முலா. தப்பு என்பது ஒன்றுதான் குறை.

குற்றவாளி பாட்டரி. அந்தக் கால பாட்டரியில் கம்பியை இணைத்த மாத்திரத்தில் அதன் வேகம் இறங்க ஆரம்பித்துவிடும். ஆராய்ச்சிப் பத்திரிகை ஆசிரியர் போகண்டார்ஃப், பாட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு தெர்மோகப்பிளுக்கு மாறச் சொன்னார். ஒரு எடிட்டர் எழுதுகிறவருக்கு உருப்படியான யோசனை சொன்ன அபூர்வ சம்பவம் இது, கல்வெட்டில் பொறிக்கலாம்.

தெர்மோகப்பிள் என்றால் சூட்டு வித்தியாசத்தில் மின்சாரம் தரும் கருவி: பிஸ்மத்தும் செம்பும் சேரும் இரண்டு முனைகள். ஒன்று கொதிக்கிற நீரில், இன்னொன்று பனிக்கட்டியில். நீர் கொதிக்கிறவரை, ஐஸ் முழுதாகக் கரையாதவரை, மின்னழுத்தம் அசையாது. எட்டுச் செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து அளந்தார் ஓம். 1826-ல் விடை வந்தது: அழுத்தத்தை மொத்த எதிர்ப்பால் வகு, கரண்ட் கிடைக்கும்! கவனியுங்கள், அவரிடம் வோல்ட்மீட்டர் கிடையாது, அம்மீட்டர் கிடையாது, வோல்ட், ஆம்பியர் என்ற அலகுகளே பிறக்கவில்லை. நாம் ரெடிமேட் எண்களை வகுக்கிறோம். அந்த மனுஷன் வகுப்பதற்கான எண்களையே தயாரிக்க வேண்டியிருந்தது.

1827-ல் புத்தகம் போட்டார். பாராட்டு வரும் என்று காத்திருந்தார். வந்தது திட்டு. இயற்கையைத் தத்துவச் சிந்தனையால் உணர வேண்டும், கணக்குப் போட்டுக் கேவலப்படுத்தக் கூடாது என்று நினைத்த பெரியவர்கள் அங்கே நிறைய. போல் என்கிற பேராசிரியர் அந்தப் புத்தகத்தை வெறும் கற்பனைக் குப்பை என்கிற ரேஞ்சுக்குக் கிழித்தார். ரோஷக்கார ஓம் வேலையை விட்டார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. ஆசைப்பட்ட நாற்காலி ம்யூனிக்கில் கிடைத்தபோது 1852, வயது 63. இரண்டே வருஷம் உட்கார்ந்தார், போய்ச் சேர்ந்தார்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? இந்த விதியை 1781-லேயே ஒருவர் பிடித்துவிட்டார். ஹென்றி கேவண்டிஷ். பிரபுவின் பேரன், கொட்டிக் கிடக்கும் பணம், கூச்சமோ அதைவிட அதிகம். ராத்திரி என்ன சமையல் என்பதைக்கூட வேலைக்காரியிடம் சீட்டெழுதித் தெரிவித்தவர். உப்புநீர் நிரப்பிய குழாய்கள் வழியாக மின்சாரத்தைத் தன் உடம்பில் பாய்ச்சி, இந்தக் குழாயில் அடி பலமா, அந்தக் குழாயில் பலமா என்று குறித்துக்கொண்டே போனார். அய்யாவே மீட்டர்! விடையும் சரி. அதை யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்கிற எண்ணம்தான் வரவில்லை. காகிதங்களைப் பூட்டி வைத்துவிட்டார். பூட்டுக்காரர் மகன் 45 வருஷம் கழித்து வேறு சாவி போட்டுத் திறக்கவேண்டி வந்தது.

அந்தக் காகிதங்களை 1879-ல் பதிப்பித்தவர் மாமேதை மாக்ஸ்வெல். சும்மா பதிப்பித்தாரா? கேவண்டிஷின் ஷாக் சோதனையை வந்தவர் போனவர் மேலெல்லாம் நடத்திப் பார்த்தார். வானியல் பேசலாம் என்று அமெரிக்காவிலிருந்து ஆசையாக வந்த ஓர் இளம் விஞ்ஞானியைக் கோட்டைக் கழற்றவைத்து, கைகளைத் தண்ணீரில் விடச் சொல்லி, கரண்ட் கொடுத்து அனுப்பினார். விருந்தோம்பல்!

பவர் கதை இன்னும் கூத்து. கம்பியில் கரண்ட் ஓடினால் எவ்வளவு சூடு என்று 1841-ல் கணக்குச் சொன்னவர் பீர் காய்ச்சும் குடும்பத்து ஜூல். மின்சார பவர் அலகுக்கு வைத்த பெயரோ வாட். 1882-ல் இதை முன்மொழிந்தவர் வில்லியம் சீமென்ஸ். ஜேம்ஸ் வாட் நீராவி ஆசாமி, 1819-லேயே காலமானவர். பல்பையே பார்த்திராதவர் பெயரில்தான் இன்று ஊரெல்லாம் பல்பு விற்கிறார்கள்.

சரி, ஆரம்பத்தில் சொன்ன கணக்குக்கு வருவோம். அயர்ன் பாக்ஸுக்கு வருவது 230 வோல்ட், ஓடுவது 4 ஆம்பியர் என்றால், வகுத்தால் 57.5 ஓம், பெருக்கினால் 920 வாட். அளப்பதற்கு மட்டும் கடையில் ஒரு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கேவண்டிஷ் முறை வேண்டவே வேண்டாம்.